வாகைக் கட்டையும் ஒரு முழுக்கைச் சட்டையும்

இலுப்பூரில் என்னை ஆசாரி என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். அதற்கு மேல் ஆசாரி வேலை என்று நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கதவு எங்கிருந்தோ பிளாஸ்டிக் உறை போட்டு லாரியில் வந்து இறங்கும். நான் போய்க் கீலை முடுக்கி நிறுத்திவிட்டு வருவேன். ஒரு வீட்டில் உறையைக் கிழிக்காமலே மாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் போன் போட்டு, "ஏப்பா, கதவுக்குக் குளிருதுன்னு போத்தி விட்டுட்டியா?" என்று கேட்டார். அலுப்பில் செய்தது. ஆனால் வாரண்டிக்காக விட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அலுப்பு என்றால் தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை. தூங்கி எழுந்ததுமே வந்து உட்கார்ந்துகொள்கிற அலுப்பு. முழங்கால் ஒரு பக்கம் இழுக்கும், தோள்பட்டை இன்னொரு பக்கம் இழுக்கும். நடுவில் நான் நிற்பேன், யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு. அப்படி ஒரு மத்தியானம் கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். கரண்ட் இல்லை. போன் அடித்தது.

"ஆசாரி, ஒரு கட்டை வேலை இருக்கு. வாரியா?"

தைலமரக் காட்டை ஒட்டின கடலைக் கொல்லைக்கு நடுவில் தனி வீட்டில் இருக்கிற அக்கா. கூடப் பிறந்த அக்கா இல்லை. ஊரே அவரை அக்கா என்றுதான் சொல்லும். அவருடைய வீட்டுக்காரர் வெகுநாள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. கொல்லையை அவரேதான் பார்த்துக்கொள்கிறார்.

"கட்டிலாக்கா, பீரோவாக்கா?"

"துப்பாக்கி."

போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

"அக்கா, நான் கதவு மாட்டுறவன். துப்பாக்கியெல்லாம் நாலு எழுத்துப் படிச்சவன் தொடுற சாமான். நான் படிச்சது பள்ளிக்கூடத்து வாசப்படி வரைக்கும்தான்."

"ஒன்னைய என்ன பரீட்சையா எழுதச் சொன்னேன்? கட்டையைக் கரையான் தின்னுருச்சு. ஒட்டிக் குடு. இரும்பு பக்கம் நீ போகவே வேண்டாம்."

சும்மா உட்கார்ந்திருப்பதும் அலுப்பாகத்தான் இருந்தது. மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அது இரட்டைக் குழல் துப்பாக்கி. வீட்டுக்காரருடைய தாத்தா காலத்திலிருந்து வருவது. காட்டுப்பன்றி கடலையைத் தோண்டாமல் இருக்க லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த காலத்தில் அது நெல் மூட்டைக்குப் பின்னால் மூலையில் நின்றது. அவரை அக்கா பார்த்துக்கொண்டார். துப்பாக்கியைக் கரையான் பார்த்துக்கொண்டது. அவர் போனபின் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து, அலைந்து திரிந்து தன் பேருக்கு லைசென்ஸ் மாற்றி, அக்கா திரும்ப வாங்கி வந்திருந்தார். திருச்சியில் துப்பாக்கிக் கடைக்காரர் பார்த்துவிட்டு, இரும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, அடிக்கட்டை மட்டும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றாராம்.

அக்கா குழலைத் தனியே கழற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மீதியைக் கொண்டுவந்து கயிற்றுக் கட்டிலில் போட்டார். தோளில் வைக்கிற அடிப்பக்கம் ஊறப்போட்ட ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. முனையில் இருந்த இரும்புத் தகடு இரண்டு திருகாணியோடு தனியாகக் கிடந்தது. கை பிடிக்கிற கழுத்தில் ஒரு விரிசல். மற்றபடி நல்ல மரம். வெளிநாட்டு மரமாக இருக்க வேண்டும். பேர் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

"என்ன ஆட்டுற? ஆகுமா, ஆகாதா?"

"ஆகும்க்கா. ஆனா எதுக்கு? ரெண்டு வெடியை வாங்கி வச்சா பன்னி ஓடிரப் போகுது."

அக்கா உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். நான் பாதி குடிக்கும்வரை நின்றிருந்தார். பிறகு சொன்னார்.

"கொழுந்தன் வந்துட்டுப் போனாரு. பொம்பளைக்குத் துப்பாக்கி எதுக்கு, எம் பேருக்கு எழுதிக் குடுத்திருங்கங்கிறாரு. ஆறு மாசமா இதே பாட்டு. துப்பாக்கியை எழுதிக் குடுத்தா அடுத்து கொல்லை. கொல்லையை எழுதிக் குடுத்தா அடுத்து நான் எங்கிட்டுப் போறது? அதான் சொல்லிட்டேன். ஆசாரி சரிபண்ணிக் குடுக்கட்டும், ஒங்க முன்னாடியே தூக்கி நிறுத்திக் காட்டுறேன். முடியலைன்னா எழுதித் தாரேன்னு."

"அப்படியா சொன்னீங்க?"

"கோவத்துல சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதானே."

எனக்கு மோர் புரையேறியது. கதவை ஒழுங்காக மாட்டத் தெரியாத ஒருவனை நம்பி இந்தப் பெண்பிள்ளை கொல்லையைப் பணயம் வைத்திருக்கிறது. "வேற நல்ல ஆளாப் பாக்கலாமேக்கா" என்றேன்.

"பாத்தேன். எல்லாரும் மாட்டேன்னுட்டானுக. நீதான் வந்த."

துப்பாக்கி வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். லைசென்ஸ் அவர் பேரில். அவர் கண் முன்னால்தான் இருக்க வேண்டும். எனவே நான்தான் தினமும் உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் மொபெட்டில் கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மோட்டார் கொட்டகை நிழலில் வேலை. கொட்டகைக்குள் மோட்டார் உறுமும், கொட்டகைக்கு வெளியே என் முழங்கால் உறுமும்.

ஒட்டுவதற்கு வாகைதான் சரி என்று தோன்றியது. நிறமும் ரேகையும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. எனக்கு ஒரு நாற்காலி செய்துகொள்ள வேண்டும் என்று கடைக்குப் பின்னால் ஒரு வாகைக் கட்டையைப் பல வருடமாகப் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் நான் நின்றே பழகிவிட்டேன். அந்தக் கட்டையைத்தான் எடுத்துப் போனேன்.

வாகையில் ஒரு கஷ்டம் உண்டு. இழைத்தால் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும். ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக வரும். நான் தும்மத் தும்ம, கொல்லையில் மேய்ந்த மயில்கள் எழுந்து ஓடின.

"இப்படியே தெனமும் தும்மிக்கிட்டு இரு" என்றார் அக்கா, "துப்பாக்கியே வேண்டாம்."

கரையான் தின்றதைச் சுரண்டி எடுத்து, திடமான மரம் வரும்வரை சரிவாக அறுத்தேன். புதுக் கட்டையும் அதே சரிவில் வந்து உட்கார வேண்டும். இடையில் ஒரு மயிர் நுழையக்கூடாது. எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பழைய மரத்தில் மை தடவி, புதுக் கட்டையை வைத்து அழுத்தினால், இடிக்கிற இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டும். அந்தக் கறுப்பை மட்டும் சீவ வேண்டும். திரும்ப மை, திரும்ப அழுத்தல், திரும்பச் சீவல். கதவு மாட்டுகிறவனுக்கு இந்தப் பொறுமை எங்கே இருக்கிறது?

"அக்கா, கண்மை இருந்தா கொஞ்சம் குடுங்க."

"யாருக்கு, ஒனக்கா?"

"கட்டைக்கு."

"நான் மை வச்சு எந்தக் காலம்? போ, அடுப்படியில காமாட்சி விளக்கு இருக்கு. கரி வழிச்சுக்க."

விளக்குக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொண்டேன். தும்மல் வரும்போதெல்லாம் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து, கட்டைக்குப் போனதைவிட என் முகத்துக்குத்தான் கரி அதிகமாகப் போனது. அந்தக் கோலத்தில் இருந்தபோதுதான் கொழுந்தனார் வந்தார். வளைகுடாவில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி.

"என்ன ஆசாரி, கொள்ளிவாய்ப் பிசாசு வேசமா?"

"வேசம் இல்லண்ணே. வேலைக்குக் கூப்பிட்டாங்க, மூஞ்சில கரியைப் பூசி அனுப்புறாங்க."

சிரித்தார். கட்டையை எடுத்துப் பார்த்தார். கெட்டிக்காரர்; ஒட்டு நன்றாக உட்காருவது அவருக்குத் தெரிந்துவிட்டது. கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குனிந்து, "மெதுவாச் செய், அவசரம் ஒண்ணும் இல்ல. முடியலைன்னாலும் தப்பில்ல" என்றார். நான் தலையாட்டினேன். மெதுவாகச் செய் என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்கும். ஆனால் இவர் சொன்னது பிடிக்கவில்லை.

அடுத்ததாக நீளம். எவ்வளவு நீளத்துக்கு ஒட்டுவது? முனையைக் கரையான் தின்றுவிட்டதால் பழைய அளவு கிடையாது. திருச்சிக் கடைக்காரரிடம் அக்கா போன் போட்டுக் கொடுத்தார். அவர் சொன்னது: அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரல் விசையில் விழ வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும்.

ஆளுக்கு ஆள் மாறும் என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். நானும் தெளிவாகத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு என்ன செய்தேன்?

"அக்கா, ஐயா போட்ட முழுக்கைச் சட்டை ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"கை அளவு பாக்க."

அக்கா உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். பாச்சை உருண்டை வாசனை. முழங்கை மடிப்பில் துணி நைந்திருந்தது. அந்த நைந்த இடத்திலிருந்து கைப் பட்டை வரை அளந்து, அதோடு என் உள்ளங்கையையும் விரலையும் குத்துமதிப்பாகச் சேர்த்துக்கொண்டேன். செத்தவருக்கு அளவு எடுக்கிறவன் பெட்டி செய்கிற ஆசாரியாக இருப்பான். துப்பாக்கி செய்ய அளவு எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நல்ல உயரமான மனிதர். நீளக் கை. அந்த அளவுக்கே வாகையை விட்டு ஒட்டினேன். இரண்டு ட்யூப் பசையைக் கலந்து தடவி, சைக்கிள் ட்யூப்பை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றினேன். கழுத்து விரிசலுக்கும் அப்படியே. ரப்பர் ஒவ்வொரு சுற்றுக்கும் இறுகிக்கொண்டே போகும். கடைசிச் சுற்றில் என் கட்டைவிரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டேன். அக்கா வந்து பிரித்துவிட்டார். காய்ந்தபின் உருவம் இழைத்து, உப்புத்தாள் போட்டு, தகட்டைத் திரும்ப முடுக்கி, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பழைய மரமும் புது மரமும் ஒரே நிறத்துக்கு வந்தன. ஒட்டு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நான் கட்டையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கையால் இப்படி ஒன்று வந்து எத்தனை காலம்? எழுந்திருக்கத்தான் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எழ முடியாமல் உட்கார்ந்திருந்ததை ரசித்துக்கொண்டிருந்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கொழுந்தனாருக்கு அக்காவே சொல்லி அனுப்பினார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வந்தார். அக்கா குழலைக் கொண்டுவந்து கட்டையோடு மாட்டினார். மடக்கித் திறந்து, இரண்டு ஓட்டையும் காலியாக இருப்பதை எங்கள் இருவருக்கும் காட்டினார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, துப்பாக்கியைக் கொல்லை ஓரத்துப் புளியமரத்து உச்சிக்கு மேலே நீட்டித் தோளுக்குக் கொண்டுபோனார்.

தோளுக்குப் போகவில்லை. அடிக்கட்டை அக்குளில் போய் இடித்தது. சேலையில் சிக்கியது. இழுத்து விடுவித்து, தோளைப் பின்னால் வளைத்து, எப்படியோ ஏற்றினார். ஏற்றினால் விரல் விசைக்கு எட்டவில்லை. எட்டுவதற்குக் கையை நீட்டினால் குழல் கீழே சாய்ந்தது. முதலில் வரப்பைப் பார்த்தது, அப்புறம் செருப்பைப் பார்த்தது.

கொழுந்தனார் கண்ணாடியைக் கழற்றினார்.

"மதினி, போதும். கையைக் கிய்யை ஒடிச்சுக்காதீங்க. இது அண்ணனோட சாமான். ஒங்களுக்கு எப்படி அமையும்? நாளைக்கே ஆபீசுக்குப் போய் எழுதிருவோம்."

அக்கா துப்பாக்கியைத் தாழ்த்தினார். மூச்சு வாங்கியது. கண் என் பக்கம் திரும்பியது. அதில் கோபம் இருந்தால் தேவலை என்று இருந்தது, கோபம் இல்லை. களைப்பு. என் முகத்தில் இருக்கிற அதே களைப்பு. கண்ணாடியில் தினமும் பார்ப்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துப்பாக்கியைத் தூக்கப் போகிறவர் என் முன்னாலேயே நின்று மோர் கொடுக்கிறார், கரி வழித்துக்கொள்ளச் சொல்கிறார், கட்டைவிரலை விடுவிக்கிறார். நான் சட்டையை அளந்திருக்கிறேன்.

"அக்கா" என்றேன், "தப்பு ஒங்க கையில இல்ல. நான் ஐயா கைக்குச் செஞ்சுட்டேன்."

"அதான் பாத்தேன்" என்றார் அக்கா. "நீ சட்டை கேட்டப்ப எனக்கும் ஒண்ணும் தோணலை. இந்த வீட்டுல எல்லாமே அவரு அளவுதானே. கட்டில், சேரு, கதவுத் தாப்பா வரைக்கும். கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து எக்கி எக்கித்தான் தாப்பா போடுறேன்." ரம்பத்தைக் கையால் காட்டினார். "அறு."

"என்னதுக்கா?"

"கூடுதலா இருக்கிறதை அறுய்யா."

கொழுந்தனார் துள்ளினார். "என்ன மதினி, விளையாட்டா? பரம்பரைச் சாமானை அறுக்கிறதா? அண்ணன் தொட்டது, அப்பா தொட்டது."

"அவுங்க தொட்டதைக் கரையான் தின்னுருச்சு தம்பி. இது ஆசாரி ஒட்டுனது. அதைத்தான் அறுக்கச் சொல்றேன்."

"தூக்கிக் காட்டுறேன்னு சொன்னீங்க. முடியலை. பேச்சுன்னா பேச்சு."

"ஆசாரி முடிச்சுக் குடுத்த பெறகுன்னு சொன்னேன். ஏய்யா, முடிச்சிட்டியா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் எந்த வேலையைத்தான் முடித்திருக்கிறேன்? முதல் தடவையாக அது உதவிக்கு வந்தது.

"இல்லக்கா" என்றேன். "இன்னும் முடியலை."

அளவு எடுக்க வேண்டும். ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்து அளப்பதற்கு எனக்குக் கூச்சம். அக்கா அதைப் பார்த்துவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். கையை மடக்கி, முழங்கை மடிப்பில் ஒரு முனையை வைத்து, ஆள்காட்டி விரலை வளைத்து அந்த இடத்தில் ஈர்க்கை ஒடித்து என்னிடம் நீட்டினார். நான் அதை விசையில் வைத்துக் கட்டையில் கோடு போட்டேன். கோடு விழுந்த இடம் என் வாகைக்குள்தான் இருந்தது. பழைய மரத்தைத் தொடவே இல்லை.

தகட்டைக் கழற்றிவிட்டு ரம்பத்தை வைத்தேன். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்த இடம். நான் உட்கார்ந்து ரசித்த இடம். அறுத்தேன். தும்மல் வந்தது. நிறுத்தித் தும்மிவிட்டுத் திரும்ப அறுத்தேன். துண்டு கீழே விழுந்தது. தகடு புது முனைக்குச் சேராது என்று அதை விட்டுவிட்டு, விளிம்பை மட்டும் உப்புத்தாளால் மழுங்கத் தேய்த்துக் கொடுத்தேன். கொழுந்தனார் அந்த நேரம் முழுவதும் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் யாரும் எடுக்கவில்லை.

அக்கா மறுபடி மடக்கித் திறந்து காலி என்று காட்டினார். தூக்கினார்.

கட்டை தோளுக்குப் போய் உட்கார்ந்தது. கன்னம் மரத்தில் படிந்தது. விரல் விசையில் விழுந்தது. குழல் புளியமரத்துக்கு மேலே, வானத்தைப் பார்த்து நின்றது. கனமான சாமான்தான். ஆனால் இறக்கவில்லை. நான் போதும்க்கா, போதும்க்கா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் இறக்கவே இல்லை. கொழுந்தனார் போனைப் பையில் போட்டு, கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டபின்தான் இறக்கினார்.

"சரி மதினி. பன்னி வரட்டும், அப்ப பாப்போம்" என்றார் கொழுந்தனார்.

"பன்னி வந்தா நான் பாத்துக்கிறேன் தம்பி. நீங்க வந்தா மட்டும் போன் போட்டுட்டு வாங்க."

வண்டிச் சத்தம் தைலமரக் காட்டுக்குள் போய் மறையும்வரை அக்கா நின்றார். பிறகு குழலைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டினார். திரும்பி வரும்போது கீழே கிடந்த வாகைத் துண்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். அடுப்பில் வைத்து, மேலே டீக்குத் தண்ணீர் போட்டார். என்னைக் கேட்கவும் இல்லை, நான் தடுக்கவும் இல்லை. நாற்காலியாக வேண்டிய கட்டை, துப்பாக்கியாகப் பார்த்து, கடைசியில் டீயாக வந்தது. எண்ணெய் ஊறியிருந்ததால் நன்றாக எரிந்தது. நான் செய்த வேலையை நானே குடித்தது அன்றைக்குத்தான்.

உளியைத் துடைத்து, ரம்பத்தைச் சாக்கில் சுற்றி, எல்லாவற்றையும் மொபெட்டில் கட்டி முடித்தேன். காலைத் தூக்கி வண்டியில் போடப் போகும்போது அக்கா வாசலில் வந்து நின்றார்.

"ஆசாரி."

"என்னக்கா?"

"அந்தத் தாப்பாளையும் எறக்கிட்டுப் போ."

"நாளைக்கு வரட்டுமாக்கா? முதுகு விட்டுப்போச்சு."

"எனக்கு மட்டும் இருக்கா? வா."

கட்டினதை அவிழ்த்தேன். கதவில் தாழ்ப்பாள் என் தலைக்கு மேலே இருந்தது. திருகாணியெல்லாம் துருவேறி, ஒவ்வொன்றும் அழுதுகொண்டே வெளியே வந்தது. "எந்த அளவுக்குக்கா?" என்று கேட்டேன். இந்தத் தடவை சட்டை கேட்கவில்லை. அக்கா கதவுக்கு முன்னால் நின்று, எக்காமல், கையை எங்கே வசதியோ அங்கே வைத்தார். விரல் நுனியில் பென்சிலால் புள்ளி வைத்தேன்.

போட்டு முடித்ததும் அக்கா ஒரு தடவை தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். திறந்தார். திரும்பப் போட்டார்.

"மேல பழைய ஓட்டை தெரியுதுக்கா. அடைச்சு விடவா?"

"இருந்துட்டுப் போகட்டும். நீ கெளம்பு, இருட்டப் போகுது."

நான் வெளியே வந்து மொபெட்டை மிதித்தேன். பின்னால் கதவு சாத்துகிற சத்தமும், அதோடு சேர்ந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டன. மொபெட் நாலாவது மிதியில்தான் கிளம்பியது. அதற்கும் வயசாகிவிட்டது.